எட்டாவது வளைவில் கொதிக்கும் அம்பாசடர்

கேள்வி: அப்பா வாங்கிய 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. சேலம் ஊருக்குள் ஓட்டினால் பெரிய தொந்தரவு இல்லை. ஏற்காடு ஏறினால் எட்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் ஹீட் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. பைபாஸில் அரை மணி நேரம் 80-ல் போனாலும் இதே கதைதான். ரேடியேட்டர் கோர் புதுசு, வாட்டர் பம்ப் புதுசு, தண்ணீர் சூடானதும் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வை மெக்கானிக் கழற்றி எறிந்துவிட்டார், போன மாதம் எலக்ட்ரிக் ஃபேனும் போட்டாயிற்று. இன்னும் என்னதான் மாற்றுவது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கொஞ்ச நாளைக்கு எதையும் மாற்றாதீர்கள். ஊருக்குள் சரியாக இருக்கிறது, மலையிலும் பைபாஸிலும் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது சூடேறி, ஓட ஆரம்பித்ததும் முள் இறங்கினால் அது காற்றுக் கோளாறு. ஃபேன், பெல்ட் பக்கம் போக வேண்டும். இழுக்க இழுக்க ஏறினால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை, இல்லாவிட்டால் டைமிங் (சிலிண்டரில் நெருப்புப்பொறி விழும் நேரம்) தப்பு. 80-ல் போகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், அங்கே எலக்ட்ரிக் ஃபேன் சுற்றினாலும் ஒன்றுதான், சுற்றாவிட்டாலும் ஒன்றுதான்.

அம்பாசடர் என்றாலே ஹீட் ஆகும் என்று பலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் இன்ஜின், மோரிஸ் ஆக்ஸ்போர்டிலும் 1955-ல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்த அதே குடும்பம். நம் ஊர் சித்திரை வெயிலில் எத்தனை வருடம் அரசாங்க வண்டியாக ஓடியிருக்கிறது! ஒழுங்காக இருந்தால் கொதிக்கவே கொதிக்காது.

எனக்கு முதல் சந்தேகம் இன்ஜின் பிளாக்கின் உள்ளே. ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம். நாற்பது வருடமாகப் போர் தண்ணீர் ஊற்றிய இன்ஜினில் உப்பும் துருவும் சேர்ந்து அடியில் சேறாக உட்கார்ந்திருக்கும், அதுவும் கடைசி சிலிண்டர் பக்கம்தான் அதிகம். என்னிடம் இருந்த 1978 வண்டியில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு கோடை ஆயிற்று. பிளாக்கின் பக்கவாட்டில் பின்புறமாக இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் காபித்தூள் மாதிரி பழுப்பு மண் வந்தது, அதற்கு அப்புறம்தான் தண்ணீர். வட்டமாக நாணயம் போல அடித்திருக்கும் கோர் பிளக்குகளைப் பிடுங்கி, உள்ளே கம்பியால் கிளறி, ஹோஸ் வைத்துத் தண்ணீர் தெளிவாக வரும் வரை அடித்தோம், அரை வாளி மண் வந்தது. பிளக்குகளைத் திரும்பப் போடாதீர்கள், புதிது அடியுங்கள்.

அதற்கு முன்னால் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று. ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால், உள்ளே ஸ்பிரிங்கும் இல்லாவிட்டால், வேகம் கூடும்போது பம்ப் உறிஞ்சுகிற உறிஞ்சலில் அது சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும்போது நன்றாகத்தான் தெரியும், அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்து டைமிங். நெருப்பு தாமதமாக விழுந்தால் வெடித்த சூடு வேலையாக மாறாமல் தண்ணீரிலும் எக்ஸாஸ்டிலும் போய்ச் சேரும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி நெருப்பைத் தரும் பாயிண்டின் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. வைத்துவிட்டு டைமிங் பாருங்கள், பாயிண்ட் மாறினால் டைமிங்கும் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, வேக்குவம் டியூபின் கார்பரேட்டர் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் பிளேட் லேசாகத் திரும்ப வேண்டும், திரும்பிய இடத்திலேயே நிற்கவும் வேண்டும். காற்று சும்மா வந்தால் பிளேட்டைத் திருப்பும் டயாபிரம் சவ்வு கிழிந்திருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை மறுபடி போட்டுவிடுங்கள், இதை வேண்டுகோளாகவே சொல்கிறேன். அது இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் சூடேறவே வெகு நேரம் ஆகும், பெட்ரோல் கூடும், ஆயில் கெடும். உங்கள் கோளாறும் தீரவில்லையே. வெயில் ஊருக்கு 74 டிகிரியில் திறப்பதைக் கேட்டு வாங்குங்கள், போடும் முன் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறினால் ஹெட் கேஸ்கட் (பிளாக்குக்கும் அதன் மேலிருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) போயிருக்கலாம். காலையில் ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள், கேஸ்கட் போயிருந்தால் குமிழ் குமிழாக விடாமல் வரும். மலையில் நான்காவது கியரிலேயே முக்கி முக்கி ஏற்றாதீர்கள், கியர் இறக்கி இன்ஜினைச் சுற்ற விடுங்கள், பம்பும் ஃபேனும் அப்போதுதான் வேலை செய்யும்.

கேள்வி: 1989 பிரீமியர் பத்மினியில் வெளிக்கடையில் ஏசி போட்டேன். அன்றிலிருந்து மதுரை டிராஃபிக்கில் ஹீட் ஆகிறது. ரிங் ரோட்டில் சரியாகிவிடுகிறது.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்களுடையது சேலம் வாசகருக்கு நேர் எதிர், காற்றுக் கோளாறு. ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை மறிக்கிறது, போதாததற்கு தன் சூட்டையும் அதன்மேல் ஊதுகிறது. ஃபேனைச் சுற்றித் தகட்டில் ஒரு கூடு அடிக்கச் சொல்லுங்கள், டிங்கர் கடையிலேயே செய்து கொடுப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் இழுப்பதில் பாதி சுற்றியிருக்கும் சூடான காற்றுதான். பெல்ட்டை நடுவில் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. கண்டென்சருக்கு எலக்ட்ரிக் ஃபேன் வைப்பதாக இருந்தால் வண்டியில் ஆல்டர்னேட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டைனமோவாக இருந்தால் சிக்னலில் நிற்கும்போது அது கரண்டே தராது, பேட்டரிதான் காலியாகும்.

கேள்வி: அதிக பிரஷர் ரேடியேட்டர் மூடி போட்டால் கொதிப்பது நிற்குமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: கொதிப்பது தள்ளிப்போகும், சூடு குறையாது. 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) பிரஷர் மூடியில் வெறும் தண்ணீர் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். 15 பவுண்டு போட்டால் 120-ஐத் தாண்டும், ஆனால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று அதைத் தாங்காது, டேங்க் பிளந்து ஒழுகும். வண்டிக்கு என்ன மூடி சொல்லியிருக்கிறார்களோ அதையே புதிதாக வாங்குங்கள், ரப்பர் வாஷர் வெடித்த பழைய மூடி பிரஷரே பிடிக்காது. தண்ணீருக்குப் பதில் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. வழியில் கொதித்துவிட்டால் முக்கால் மணி நேரம் பானட்டைத் திறந்துவைத்துக் காத்திருங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற வரை மூடியைத் தொடக் கூடாது, சூடான பிளாக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.