ஜிஆர்86 காருக்கு எந்த எக்ஸாஸ்ட் வாங்கலாம்?

கேள்வி: 2022 டொயோட்டா ஜிஆர்86 வைத்திருக்கிறேன், மேனுவல் கியர். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் வீடு. கம்பெனி சத்தம் சப்பென்று இருக்கிறது. 1500 டாலருக்குள் நல்ல சத்தமும் கொஞ்சம் பவரும் தருகிற எக்ஸாஸ்ட் எது?

நானும் இதே ஊர்ப்பக்கம்தான், இதே கார்தான், இரண்டு எக்ஸாஸ்ட் மாற்றியாகிவிட்டது. முதலாவது தப்பு, இரண்டாவது சரி. தப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன், காசு அதில்தான் போனது.

பவர் கதையை முதலில் முடித்துவிடலாம். இந்த 2.4 லிட்டர் எஞ்சினுக்கு டர்போ கிடையாது, கம்பெனிக் கணக்கு 228 குதிரைத்திறன். டர்போ இல்லாத எஞ்சினில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்கிற பெட்டி) பின்னால் இருக்கிற குழாயையும் சைலன்சரையும் எப்படி மாற்றினாலும் நாலைந்து குதிரை கிடைத்தால் பெரிய விஷயம், அதுவும் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றுகிற கணக்கு) முள் மேலே ஏறிய பிறகுதான். காலைக் குளிரில் ஒரு தடவை, மதிய வெயிலில் ஒரு தடவை டைனோவில் (பவரை அளக்கிற கருவி) ஏற்றிப் பார்த்தால் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும். 15 குதிரை, 20 குதிரை என்று யாராவது விளம்பரம் போட்டிருந்தால் ஹெடரும் (எஞ்சினிலிருந்து புகை முதலில் வெளியேறும் குழாய்த் தொகுதி) ட்யூனும் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) சேர்த்த கணக்கா என்று கீழே சின்ன எழுத்தில் பாருங்கள்.

குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று 3 அங்குலத்துக்குப் போகிறவர்களும் உண்டு. இரண்டரை அங்குலத்தோடு ஒப்பிட்டால் 3 அங்குலக் குழாயின் உள்பரப்பு 44 சதவீதம் அதிகம். டர்போ போடப் போகிறவருக்கு அது சரி. நமக்கு எதற்கு? "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும் சார்" என்று மெக்கானிக்குகள் சொல்வார்களே, அதில் பாதிதான் உண்மை. தடை எந்த எஞ்சினுக்கும் வேண்டாம், புகைக்கு வேகம் வேண்டும், ஒரு வீச்சில் வெளியேறும் புகை தன் பின்னால் அடுத்த வீச்சை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் ஹெடர்தான் செய்கிறது. பின்பக்கக் குழாயை அகலமாக்கினால் நமக்குக் கூடுவது சத்தம் மட்டும்.

ஆக நீங்கள் வாங்கப் போவது சத்தம். அதை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

என் தப்பு என்னவென்றால், நான் செல்போனில் வீடியோ பார்த்து வாங்கினேன். ஒருவர் பழைய ஆக்சில்-பேக் ஒன்றை 350 டாலருக்கு விற்றார். ஆக்சில்-பேக் என்றால் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் சைலன்சர் பகுதி மட்டும். அதில் சைலன்சர் என்று சொல்ல எதுவும் இல்லை, இரண்டு குழாய், இரண்டு பளபளப்பான முனை, அவ்வளவுதான். வீடியோவில் பாசிஃபிகா பக்கம் டாம் லான்டோஸ் சுரங்கத்துக்குள் 7000 ஆர்பிஎம்முக்கு ஏற்றுகிறார்கள், எனக்குப் புல்லரித்தது. மாட்டிவிட்டு நானும் அதே சுரங்கத்துக்குப் போனேன், கண்ணாடியை இறக்கிவிட்டு நாலு தடவை போய்வந்தேன், அந்த ஒரு வாரம் ஆபீசுக்கு வேண்டுமென்றே சுற்றுவழியில் போனேன்.

அப்புறம் ஊரிலிருந்து அம்மா வந்தார். சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் பின்சீட்டை மடித்து இரண்டு பெட்டியையும் திணித்து 280 ஃப்ரீவேயில் ஏறினேன். ஆறாவது கியர், மணிக்கு 70 மைல். காருக்குள் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரே ம்ம்ம் என்று ஒரு முழக்கம், நெஞ்சுக்கூட்டில் அடிக்கிறது. பத்து நிமிடம் பொறுத்தார். "தம்பி, சைலன்சர் கழண்டு விழுந்துடுச்சா பாரு, ஓரமா நிறுத்து." இல்லம்மா, காசு கொடுத்து மாட்டியது என்று எப்படிச் சொல்வது? ஆமாம்மா, நாளைக்கு சரிபண்ணணும் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே இதை ட்ரோன் என்பார்கள். ஏன் வருகிறது என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் காரின் ஆறாவது கியர் 0.767, பின் அச்சு விகிதம் 4.1, 18 அங்குல வீலோடு 70 மைலில் போனால் எஞ்சின் சுமார் 3000 ஆர்பிஎம்மில் சுற்றும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும், அதனால் நிமிடத்துக்கு 6000, நொடிக்கு 100 வெடிப்பு. 100 ஹெர்ட்ஸ். சிறிய காரின் உள்ளறை இந்த மாதிரித் தாழ்ந்த ஸ்வரத்துக்குச் சுலபமாக ஒத்து அதிரும், பின்சீட்டை மடித்து டிக்கி திறந்த அறையாகிவிட்டால் இன்னும் மோசம். அதாவது இந்த ஊர் ஃப்ரீவேயில் எல்லோரும் போகிற வேகமும் காருக்குள் முழங்குகிற வேகமும் ஒன்றாக வந்து விழுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால் செல்போன் ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸை ஒழுங்காக எழுப்பவே முடியாது. பதிவு செய்கிற மைக்கும் பெரிய சத்தம் வந்தால் தானாகவே குறைத்துக்கொள்ளும். உங்களைத் தினமும் வாட்டப் போகிற அந்த ஒரு சத்தம்தான் வீடியோவில் கேட்காது. நீங்கள் வீடியோவில் ரசிக்கிற 7000 ஆர்பிஎம் சத்தத்தையோ, மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் கேட்கப் போகிறீர்கள்?

அதனால் எக்ஸாஸ்டைத் தேர்ந்தெடுக்க என் ஒரே அளவுகோல் 3000 ஆர்பிஎம்மில், ஆறாவது கியரில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது உள்ளே என்ன கேட்கிறது என்பதுதான். (ஆட்டோமேட்டிக் கார் என்றால் விகிதம் வேறு, இந்த எண் பொருந்தாது.)

முழக்கத்தைக் கொல்ல ஒரு அழகான வழி உண்டு. பிரதான குழாயின் பக்கவாட்டில் ஒரு முனை அடைத்த குழாய் ஒன்றை ஒட்டவைப்பார்கள், கீழிருந்து பார்த்தால் எங்கேயும் போகாத குழாய் மாதிரி இருக்கும். ஒலி அதற்குள் போய் மூடிய முனையில் மோதித் திரும்பி வரும்போது நேரம் தப்பி, எதிர் அலையாக வந்து சேரும், இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். அதற்கு அந்தக் குழாயின் நீளம் அலைநீளத்தில் கால்பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் போகிறது என்று வைத்தால் 100 ஹெர்ட்ஸுக்கு 1.25 மீட்டர் வரும். வாங்கப் போகிற கேட்-பேக்கில் (கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் கடைசி வரை உள்ள முழுத் தொகுதி) இப்படி ஒரு பக்கக் குழாய் இருந்தால், வடிவமைத்தவர் காரில் உட்கார்ந்து ஃப்ரீவேயில் ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் நடுக்குழாயில் நல்ல நீளமான ரெசனேட்டராவது (சத்தத்தை மட்டுப்படுத்துகிற கூடுதல் உருளை) இருக்க வேண்டும். ரெசனேட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டவர்களின் கார் 4000-க்கு மேலே தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கும், அதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், நான் இல்லை.

சைலன்சரின் உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். ஓட்டை போட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்தது ஒரு வகை, உள்ளே தகட்டுச் சுவர்களால் அறை அறையாகப் பிரித்தது இன்னொரு வகை. முதல் வகைதான் நம் காருக்கு அதிகம் கிடைக்கிறது. அந்த இழை சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப் பறந்துபோகும், சில வருடத்தில் சத்தம் கூடும். வாங்கும் நாளில் மட்டுமட்டாக இருக்கிற சத்தம் அப்போது எல்லையைத் தாண்டிவிடும். பழையது வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

சட்டத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் 6000 பவுண்டுக்குக் குறைந்த கார்களுக்கு எக்ஸாஸ்ட் சத்தம் 95 டெசிபல் வரை. முன்பு போலீஸ் பிடித்தால் சரிசெய்துகொண்டு வந்து காட்டினால் போதும், 2019-லிருந்து அந்தச் சலுகை இல்லை, நேராக அபராதம். கேட்-பேக்கோ ஆக்சில்-பேக்கோ கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பதால் புகைச் சட்டத்தோடு மோதாது, சத்தச் சட்டம் மட்டும்தான். ஹெடரைத் தொட்டால் கதை வேறு. நம் காரில் முதல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஹெடரோடு ஒட்டியே இருக்கிறது. மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாத ஹெடரை மாட்டினால் ஸ்மாக் என்கிற புகைச் சோதனையில் கண்ணால் பார்த்தே ஃபெயில் போட்டுவிடுவார்கள். எட்டு மாடல் வருடம் வரை ஸ்மாக் கிடையாதே, அதுவரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். சரி, நடுவில் காரை விற்றால்? நாலு மாடல் வருடத்துக்கு மேல் பழைய காரைக் கைமாற்ற ஸ்மாக் சான்று வேண்டும், அதைக் கொடுப்பது விற்பவர் பொறுப்பு. அப்போது பழைய ஹெடரைத் தேடிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் தலைவலி தனி.

ரேஸ் டிராக் ஆசை உண்டா? லகுனா செகாவில் பெரும்பாலான டிராக் நாட்களில் 90 டெசிபல்தான் எல்லை, ஓரத்தில் மைக் வைத்து அளக்கிறார்கள், தாண்டினால் கறுப்புக் கொடி காட்டி உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். புகைக்குழாய் முனையில் வளைந்த மூக்கு ஒன்றை மாட்டிச் சத்தத்தை மைக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம், வேடிக்கையாக இருக்கும். என் பழைய குழாயோடு போயிருந்தால் காலை பத்து மணிக்கே வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன்.

உலோகம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். 304 ஸ்டெயின்லெஸ் எடுங்கள். 409 என்பதும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் மேலே செந்துரு படியும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், 409-ல் நன்றாக ஒட்டும், 304-ல் ஏறக்குறைய ஒட்டாது. டைட்டானியம் பாதி எடைதான், நீல நிறம் பாய்ந்து அழகாக இருக்கும், உங்கள் பட்ஜெட்டில் வராது. வந்தாலும் அதன் மெல்லிய குழாய் சத்தத்தைக் கொஞ்சம் கீச்சென்று ஆக்கும்.

கடைசியாக, ஒரு டாலர் செலவில்லாமல் செய்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கம்பெனி சத்தம் சப்பென்று இருக்கிறது என்கிறீர்கள், ஆனால் நீங்கள் இப்போது கேட்பதில் ஒரு பங்கு ஸ்பீக்கர் வழியாக டொயோட்டா போடுகிற செயற்கைச் சத்தம். டேஷ்போர்டுக்குள் அந்தச் சத்தத்தை உண்டாக்குகிற பெட்டிக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டு இரண்டு வாரம் ஓட்டுங்கள். எஞ்சினின் சொந்தக் குரல் தெரியும், சிலருக்கு அதுவே பிடித்துப்போய்விடுகிறது. புது எக்ஸாஸ்ட் போட்டாலும் இதைக் கழற்றத்தான் வேண்டியிருக்கும், இரண்டும் சேர்ந்தால் கச்சேரியில் இரண்டு தம்பூரா வேறு வேறு சுருதியில் மீட்டுகிற மாதிரி இருக்கிறது.

இப்போது என் காரில் இருப்பது 304 ஸ்டெயின்லெஸ், இரண்டரை அங்குலம், பக்கக் குழாய் உள்ள கேட்-பேக். வரியோடு 1300 டாலர் சொச்சம். ஒரு நண்பரும் நானும் கராஜில் நாலு மணி நேரத்தில் மாட்டினோம். அதில் ஒரு மணி நேரம் ரப்பர் ஹேங்கரோடு மல்லுக்கட்டியதுதான், சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும் என்று பிறகுதான் தெரிந்தது. ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் கீழே போகாதீர்கள். இணைப்புகளில் பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள், 20 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் டிக் டிக் என்று புகை கசியும். முதல் நாள் ஓட்டியதும் லேசாகப் புகையும் எண்ணெய் வாடையும் வரும், அது தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய் எரிவது, பயப்பட வேண்டாம். நூறு மைல் ஓடி ஆறிய பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவை முறுக்கிவிடுங்கள். கழற்றிய கம்பெனி சைலன்சர் 18 கிலோ சொச்சம் இருந்தது, விற்காமல் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஏதாவது ஒரு காரில் ஏறிக் கேளுங்கள். சனிக்கிழமை காலைகளில் ஸ்கைலைன் ரோடும் 84-ம் நெடுஞ்சாலையும் சேரும் இடத்தில் ஆலிஸ் ரெஸ்டாரன்ட் பக்கம் நம்ம வகைக் கார்கள் வரிசையாக நிற்கும், கேட்டால் பெரும்பாலும் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. மலையில் ஒரு ரவுண்டு போதாது, 84 வழியாக இறங்கி 280-ல் ஏறி ஆறாவது கியரில் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும் அதே ரோடு.