கடலில் தொலைந்த விமானம்

கேள்வி: கைப்பேசி இருக்கும் இடத்தையே நொடியில் அறிந்துவிடும் இக்காலத்தில், கடலில் விழுந்த விமானத்தின் கறுப்புப் பெட்டியைத் தேட ஆண்டுக்கணக்கில் ஆவது ஏன்?

பதில்: பெயர்தான் கறுப்புப் பெட்டி, எளிதில் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அதற்குப் பூசப்படுவது ஆரஞ்சு வண்ணம். கைப்பேசியைக் காட்டிக்கொடுப்பது அருகிலுள்ள கோபுரம். நடுக்கடலிலோ கோபுரமும் இல்லை, பூமியின் வளைவால் கரையிலுள்ள ரேடாரின் பார்வையும் சில நூறு கிலோமீட்டருக்கு மேல் எட்டுவதில்லை. கடல்நீர் ரேடியோ அலைகளை விழுங்கிவிடுவதால், பெட்டியோடு இணைந்த கருவி 37.5 கிலோஹெர்ட்ஸ் ஒலித்துடிப்பையே எழுப்புகிறது. அது சில கிலோமீட்டர் தொலைவுக்கே கேட்கும். பழைய கருவிகளின் பேட்டரி 30 நாட்களும், புதியவற்றினுடையது 90 நாட்களும் தாங்கும்.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447, தன் இருப்பிடத்தைப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை தெரிவித்து வந்தபோதும், அதன் பெட்டிகள் ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து 2011 மே மாதத்தில்தான் மீட்கப்பட்டன. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் எம்எச் 370 தொடர்பாக அந்தத் தடயமும் இல்லை. செயற்கைக்கோளுடன் ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை அது பரிமாறிய சமிக்ஞைகளைக் கொண்டு, இந்தியப் பெருங்கடலில் நீண்ட வில் போன்ற ஒரு கோட்டை மட்டுமே வரைய முடிந்தது. அதன் இறக்கைப் பகுதி ஒன்று 2015இல் ரீயூனியன் தீவில் ஒதுங்கியது. பெட்டிகள் பத்தாண்டுகளுக்குப் பின்னும் கிடைக்கவில்லை.

கேள்வி: கறுப்புப் பெட்டியில் பதிவாகும் தரவுகளைப் பறக்கும்போதே தரைக்கு அனுப்பினால் என்ன?

பதில்: இயலும், செலவுதான் தடை. ஆயினும் கடல்மேல் பறக்கும் பெரிய விமானங்களின் இருப்பிடம் 15 நிமிடங்களுக்கு ஒருமுறையேனும் தெரிய வேண்டும் என்பது 2018 முதல் பன்னாட்டு நெறியாக உள்ளது.