பி.ஏ. பொருளியல் படித்தால் ஐ.ஐ.எம். போகலாமா? – கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து ஒரு தந்தை: என் மகள் பி.ஏ. பொருளியல் சேர விரும்புகிறாள். பொறியியல் படித்தால்தான் ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்) கிடைக்கும் என்று உறவினர்கள் தடுக்கிறார்களே, ஐயா?

உங்கள் மகளின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்காதீர்கள். ஐ.ஐ.எம்.களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வான கேட் எழுத, பொதுப் பிரிவினர் ஏதேனும் ஒரு பட்டத்தில் 50 விழுக்காடு பெற்றிருந்தால் போதும். பொறியியல் படிக்காதவர்களுக்கு மாணவர் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் தரும் ஐ.ஐ.எம்.களும் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண்களையும் பல நிறுவனங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதால், அவை நன்றாக இருக்க வேண்டும்.

கும்பகோணம், இரண்டாம் ஆண்டு மாணவர்: எங்கள் பாடத்திட்டம் கேட் தேர்வுக்குப் போதுமா?

போதாது, தம்பி. மொழித்திறன், தரவு விளக்கமும் தருக்கமும், கணிதம் என்ற மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம் தருகிறார்கள். புள்ளியியல் தாளில் அட்டவணைகளோடு பழகியது இரண்டாம் பகுதிக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். கணிதப் பகுதியில் வருவதோ விழுக்காடு, விகிதம், இயற்கணிதம், வடிவியல் என்று பெரும்பாலும் பள்ளியில் படித்தவைதான். கல்லூரிக்கு வந்தபின் நம் மாணவர்கள் அவற்றைத் தொடாமல் விட்டுவிடுவதே என்னை வருத்தும் குறை. இன்றே பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுங்கள்.

திருவாரூர், இறுதியாண்டு மாணவி: நேர்முகத் தேர்வில் பொருளியலை எப்படிக் கேட்பார்கள்?

வரையறையை ஒப்பித்தால் அடுத்த கேள்வியிலேயே திணறுவீர்கள். சொந்த ஊரைப் பற்றிக் கேட்பது அங்கே வழக்கம், உங்கள் பட்டத்தின் பலன் தெரிவதும் அப்போதுதான். உங்கள் ஊர் நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், சாலையில் கொட்டிக் காயவைத்த நெல்லும் அந்த அளவுக்கு உலர்வதில்லை. முளைவிட்டுவிடுமோ என்ற அச்சத்தில், ஆதரவு விலைக்குக் கீழே தனியார் வியாபாரி கேட்கும் விலைக்கே விவசாயி கொடுத்துவிடுகிறார். விலை குறைந்தாலும் சரக்கை நிறுத்திவைக்க முடியாத இந்த நிலையைத்தான் நெகிழ்ச்சியற்ற அளிப்பு என்று படித்தீர்கள். உலர்த்தும் இயந்திரத்தை யார் வாங்கி வைப்பது, செலவை யார் ஏற்பது, மழை இல்லாத மாதங்களில் அதை என்ன செய்வது என்று ஒரு படி மேலே யோசித்துப் பாருங்கள். நிருவாகவியல் வகுப்பில் நடக்கும் விவாதமும் ஏறக்குறைய இதுதான். சேர்ந்த பிறகு உங்களைச் சோதிக்கப்போவது கணக்குப்பதிவியல். பற்று வரவு அறியாமல் வரும் பொருளியல் மாணவர்கள் முதல் பருவத்தில் வணிகவியல் மாணவர்களுக்குப் பின்தங்குவார்கள் என்பதால், தேர்வு முடிந்த விடுமுறையிலேயே ஒரு நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: ஹார்வர்டு, வார்ட்டன் போன்ற அமெரிக்க மேலாண்மைக் கல்லூரிகளுக்கு?

அங்கே பொருளியல் படித்துவிட்டு வருபவர்கள் ஏராளம்; பட்டம் ஒரு தடையே அல்ல. ஆனால் சேர்பவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். ஆகவே முதலில் ஒரு வேலையில் சேர்ந்து, பொறுப்பேற்று எதையாவது செய்து காட்டிவிட்டு, அதன்பின் அங்கே சேர்வதற்கான ஜிமேட் தேர்வை எழுதுங்கள்.