கிம்ப் 3-இல் பழைய பிளக்-இன்கள் காணவில்லையா?

படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் 3-ஆம் பதிப்புக்கு மாறியதும் பழைய பைத்தான் பிளக்-இன்கள் (பைத்தான் நிரல்மொழியில் எழுதிய கூடுதல் வசதிகள்) மெனுவில் வரவில்லை, பிரஷ்களும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள்.

பிளக்-இன் விஷயத்தில் உங்கள் மேல் தப்பில்லை. முந்தைய கிம்ப் 2.10 பதிப்புக்கு வந்தவை பெரும்பாலும் பைத்தான் 2-இல் எழுதப்பட்டவை. 2025 மார்ச்சில் வந்த 3.0-க்கு பைத்தான் 3 வேண்டும். பிளக்-இன்னை எழுதியவரின் இணையப் பக்கத்தில் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் கோப்பை பிளக்-இன் ஃபோல்டரில் அப்படியே போடாதீர்கள். அங்கே கோப்பின் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் வையுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். லினக்ஸ் என்றால் இயக்க அனுமதியும் கொடுக்க வேண்டும்.

அப்புறம் பிரஷ். போட்டோஷாப்பின் ஏபிஆர் கோப்புகளை கிம்ப் நேரடியாகவே படிக்கும். ஆனால் வடிவம் மட்டும்தான் வரும், அங்கே அமைத்த சிதறல், அழுத்த அமைப்புகள் வராது. பிரஷ் ஃபோல்டருக்குள் ‘மேகம்’, ‘இலை’, ‘தாள்’ என்று துணை ஃபோல்டர்கள் போட்டுப் பிரித்து வையுங்கள். அந்தப் பெயர்களே குறிச்சொற்களாகிவிடும். பிரஷ் பலகையில் அதை வைத்து வடிகட்டலாம். ஃபோல்டர் எங்கே என்று தெரியாவிட்டால் விருப்ப அமைப்புகளில் கடைசியாக இருக்கும் ஃபோல்டர்கள் பகுதியில் முகவரி இருக்கும். பயன்படுத்தாதவற்றைத் தயங்காமல் வெளியே நகர்த்துங்கள், கிம்ப் திறக்கும் நேரமும் குறையும்.