ஸ்டீலுக்கு வரி போட்டா ஆப்பிள் ஏன் மாட்டுது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணே, அமெரிக்காக்காரன் நம்ம ஸ்டீலுக்கு வரி போட்டதுக்கு நம்ம அரசாங்கம் ஆப்பிளுக்கும் பாதாமுக்கும் வரி போட்டுதுன்னு சொல்லுதாவ. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் இரும்பு கேட், கிரில் வேல பாக்கேன், மாடிக்கு ஷீட்டும் போடுவேன். ஷீட் வெலைக்கும் இந்தச் சண்டைக்கும் தொடர்பு உண்டுமா?
– பட்டறை வச்சிருக்கும் வாசகர், தக்கலை

பதில்: உண்டு. முதல்ல ஆப்பிள் கதை. 2018 மார்ச்ல ட்ரம்ப், நாட்டுப் பாதுகாப்புன்னு காரணம் சொல்லி 1962ஆம் வருஷச் சட்டத்த வச்சு வெளிநாட்டு ஸ்டீலுக்கு 25 சதவீதம் வரி போட்டாரு. நாம பதிலுக்கு அவங்க ஸ்டீலுக்கு வரி போட்டா அவங்களுக்கு வலிக்காது, ஏன்னா நாம அங்கேருந்து பெருசா ஸ்டீல் வாங்குறதில்ல, ஆனா வாஷிங்டன் ஆப்பிள், கலிபோர்னியா பாதாம் நிறைய வாங்குறோம், அதுல கை வச்சா அந்த ஊர் விவசாயி தன்னோட எம்பிகிட்ட போய் நிப்பான். முன்ன அமெரிக்க அதிபரா இருந்த புஷ்ஷும் ஸ்டீலுக்கு வரி போட்டிருந்தாரு, அதுக்கு ஐரோப்பாக்காரங்க 2003லயே புளோரிடா ஆரஞ்சு மேல வரி போடுவோம்னு மிரட்டுனாங்க, உலக வர்த்தக அமைப்புத் தீர்ப்பும் எதிரா வந்துச்சு, அந்த டிசம்பர்லயே புஷ் அந்த வரிய எடுத்துட்டாரு. நம்ம ஆளுங்க 2018 ஜூன்ல அறிவிச்சு, தள்ளித் தள்ளிப் போட்டு, 2019 ஜூன் 16ல 28 பொருளுக்கு வரி போட்டாங்க. 2023ல மோடி அமெரிக்கா போனப்ப சமரசம் ஆகி ஆப்பிள், பாதாம் மேல போட்ட அந்தக் கூடுதல் வரி போச்சு.

இப்ப உங்க ஷீட். 2025 மார்ச்ல ட்ரம்ப் எல்லா நாட்டு ஸ்டீலுக்கும் மறுபடி 25 சதவீதம் வரி போட்டாரு, ஜூன்ல பிரிட்டன் தவிர மத்த நாடுகளுக்கு அத 50 ஆக்குனாரு. ஒரு பெரிய சந்தை கதவ சாத்துனா அங்க போக முடியாத சரக்கு வேற நாட்டுல வந்து மலிவா இறங்கும், அந்தப் பயத்துல நம்ம அரசாங்கம் 2025 ஏப்ரல்ல இறக்குமதி ஷீட், காயில் (சுருளா வர்ற தகடு) வகைகளுக்கு, உள்ளூர் மில்லக் காப்பாத்த 12 சதவீதம் பாதுகாப்பு வரி போட்டுச்சு. முதல்ல 200 நாள்னாங்க, அப்புறம் மூணு வருஷம்னு ஆக்கிட்டாங்க, வருஷா வருஷம் 12, 11.5, 11 சதவீதம்னு குறையும். கலர் ஷீட்டும் இதுல வருது, கட்டடக் கம்பி வராது. விலை ஏறுறதுக்கு இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா வெளிநாட்டுச் சரக்கு மலிவா வராதுன்னா உள்ளூர் மில்லுக்கு விலைய ஏத்த தைரியம் வந்துரும்.

எனக்கு மனசு ஆறாதது இதுதான், மில்லுக்குப் பாதுகாப்பு கெடைச்சுச்சு, அந்த ஷீட்ட வாங்கி வெட்டி வெல்டு வச்சுப் பொழைக்கிற பட்டறைக்கு ஒண்ணுமே இல்ல. சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசி அட்வான்ஸ் வாங்கிருப்பீங்க, மழைக்கு முன்னால மாடில ஷீட் ஏறணும்னு வீட்டுக்காரர் நிப்பாரு, அதுக்குள்ள விலை ஏறுனா உங்க கூலிதான் கரையும். சின்னப் பட்டறைங்களுக்குப் பழைய விலைல சரக்கு கெடைக்க அரசாங்கம் ஒரு வழி பண்ணியே ஆகணும். அதுவரைக்கும் கொட்டேஷன்ல "ஷீட் வாங்குற அன்னைக்குள்ள விலைப்படி"ன்னு ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க அண்ணே.