சிக்னலில் மினுக்கும் சிவப்பு விளக்கு: கெட்டி ஆயில் தீர்வாகுமா?

கேள்வி: என்னுடையது எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு வாரமாக, நீண்ட தூரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நிற்கும்போது ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாகவே இருக்கிறது. ஒரு மெக்கானிக், கெட்டி ஆயிலும் ஒரு டின் ‘மருந்தும்’ ஊற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். யாரை நம்புவது? அதுவரை ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பக்கத்தில்தானே ஒர்க்‌ஷாப், மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

டிப்ஸ்டிக் காட்டுவது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும்தான். அது எஞ்சினுக்குள் போதுமான அழுத்தத்தோடு ஓடுகிறதா என்பது வேறு சங்கதி. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் வராமல் போவதில்லையா, அதுபோலத்தான். எஞ்சினின் முக்கிய அச்சான கிராங்க் சுழலும் பேரிங்குகளில் உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஓர் ஆயில் படலம். பம்ப் விடாமல் ஆயிலைத் தள்ளிக்கொடுத்தால்தான் அந்தப் படலம் நிற்கும். எஞ்சின் சூடானால் ஆயில் நீர்த்துவிடும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, பம்ப்பும் மெதுவாகச் சுழலும். இரண்டும் சேரும் இடம்தான் உங்கள் சிக்னல். மிதித்தால் பம்ப் வேகமெடுக்கிறது, விளக்கு அணைகிறது. விளக்கு அணைந்தது என்றால் கோளாறு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அந்த விளக்கின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. பெரும்பாலான கார்களில் அழுத்தம் 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை விழுந்த பிறகுதான் அது எரியும். ஓடும்போது இரண்டு, மூன்று பார் இருக்க வேண்டிய இடம் அது. நோயாளி மூச்சுத்திணறி விழுந்த பிறகு அடிக்கும் அலாரத்தால் யாருக்கு என்ன பயன்? முன்பெல்லாம் பல கார்களில் முள் வைத்த ஆயில் ப்ரெஷர் கேஜ் இருந்தது. முள் மெல்ல இறங்குவதைப் பார்த்தே ஓட்டுபவர் உஷாராகிவிடுவார். அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சில கார்களில் டிப்ஸ்டிக்கே இல்லை. பாட்டுக்கும் படத்துக்கும் பெரிய திரை வைக்க இடம் இருக்கிறது, எஞ்சினின் உயிரைக் காட்ட ஒரு முள்ளுக்கு இடமில்லை!

இனி உங்கள் இரண்டு மெக்கானிக்குகள். இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: யாருமே அளந்து பார்க்கவில்லை. அந்த விளக்கை எரியவைக்கும் ஆயில் ப்ரெஷர் ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கிலும் 2,000 ஆர்.பி.எம்.மிலும் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய வேலை இல்லை. பல எஞ்சின்களில் ஐடிலிங்கில் ஏறக்குறைய 1 பார், 2,000-த்தில் 2 பார் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. உங்கள் மாடலுக்கான சரியான எண் தயாரிப்பாளரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதுவே இறுதி. எண் சரியாக இருந்தால் கெட்டது ஸ்விட்ச்சோ அதன் ஒயரோதான். அதை மாற்றினால் முடிந்தது.

கெட்டி ஆயில் என்ன செய்யும் தெரியுமா? விளக்கை அணைக்கும். பம்ப் ஆயிலை உறிஞ்சும் சல்லடை அடைத்திருந்தால் அடைப்பு அப்படியே இருக்கும், பேரிங் தேய்ந்திருந்தால் தேய்மானம் தொடரும். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏறவும் நேரம் பிடிக்கும். டின்னில் வரும் மருந்தும் இதே ரகம்தான். பழைய கார் விற்கும் தரகர்கள் சிலருக்கு இது கைவந்த கலை: கெட்டி ஆயிலை ஊற்றி, எஞ்சின் சத்தமில்லாமல் ஓடுகிறது பாருங்கள் என்பார்கள். இன்னும் துணிந்தவர்கள் விளக்குக்குப் போகும் ஒயரையே பிடுங்கிவிடுவார்கள். ஆகவே யாருடைய காராக இருந்தாலும், சாவியைத் திருப்பி எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் அந்தக் காரைத் தொடாதீர்கள்.

‘ஃப்ளஷ்’ போட்டு உள்ளே கழுவித் தருகிறேன் என்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். வருடக்கணக்கில் படிந்த கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து, பம்ப் ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் அழுத்தம் இருந்த எஞ்சினும் அதோடு படுத்துவிடும்.

‘அளவு சரியாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே ஒரு கேள்வி. சரி என்றால் இரண்டு கோடுகளுக்கு நடுவிலா, மேல்கோட்டைத் தாண்டியா? ஆயில் கூடினால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஆயில் தானாகக் கூடாது. நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் வேறு ஏதோ உள்ளே கலக்கிறது. எஞ்சின் சூடாகும் முன்பே அணைத்துவிடும் குட்டிப் பயணங்களில் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும். இன்ஜெக்டர் ஒழுகினாலும் இறங்கும். டீசல் கார்களில், புகைவடிகட்டியைச் சுத்தம் செய்ய எஞ்சின் கூடுதலாகப் பீய்ச்சும் டீசல் இறங்கும். அளவு கூடும், ஆனால் ஆயில் நீர்த்துப்போய் அழுத்தம் விழும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தால் அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, கலப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கலாம். ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம்.

அளந்து, எண் நிஜமாகவே குறைவு என்றால், மலிவான வேலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதலில் புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயிலும் நல்ல ஃபில்டரும். பிறகு எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைப் பார்ப்பது. வேகத்தடையில் சம்ப் அடிபட்டு நசுங்கியிருந்தால், அதன் தரை சல்லடையை முட்டி ஆயிலின் வழியை அடைக்கும். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. அடுத்து பம்ப்பும், அழுத்தம் மிகுந்தால் திறந்துகொள்ளும் அதன் ரிலீஃப் வால்வும். பேரிங் கடைசி. அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் இந்த வரிசை மாறும்.

அளந்த எண்களை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்து முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். சில நொடிகளில் விளக்கு அணைய வேண்டும். அணையவில்லையா, ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்க்க விடாதீர்கள், சாவியைத் திருப்பி அணைக்கச் சொல்லுங்கள்.