ஒரு சர்வரில் இருக்கும் பல ஃபோல்டர்களை இன்னொரு சர்வருக்கு ஒரே கட்டளையில் தானாக நகலெடுப்பது எப்படி?

சர்வர் மாற்றும் வேலை திடீரென்று உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆர்சிங்க் போதும். 1996-லிருந்து இருக்கிற, கோப்புகளை நகலெடுக்கும் கருவி (rsync). இரண்டு சர்வர்களில் ஒன்றுக்குள் லாகின் செய்துதான் ஓட்ட வேண்டும். ஃபோல்டர்களை இடைவெளி விட்டு வரிசையாகக் கொடுத்து, கடைசியில் சேருமிடத்தைக் கொடுங்கள். பாதியில் நெட் போனாலும் திரும்ப ஓட்டினால், போய்ச் சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் நான் எழுத வந்தது ஸ்லாஷைப் பற்றி. மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஸ்லாஷ் போட்டால் உள்ளே இருப்பது மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போகும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் பில்கள், ஸ்கேன் படங்கள், கடிதங்கள் என்று மூன்று ஃபோல்டர். ஒவ்வொன்றாக ஒரே சேருமிடத்துக்கு அனுப்பும்படி ஸ்கிரிப்ட் எழுதினேன், மூன்றிலும் ஸ்லாஷோடு. பேக்கப் டிஸ்க் நிரம்பிக்கொண்டே வந்ததால், மூலத்தில் இல்லாததை அழிக்கும் டெலீட் ஆப்ஷனையும் சேர்த்தேன். முதல் சுற்றில் பில்கள் போயின. இரண்டாவது சுற்று பில்களை அழித்துவிட்டுப் படங்களை வைத்தது. மூன்றாவது சுற்று படங்களை அழித்தது. காலையில் பேக்கப்பில் கடிதங்கள் மட்டும்தான். ஒரு பிழைச் செய்திகூட இல்லை. பேக்கப்பில் இருக்கிறதே என்று மூலத்திலிருந்து ஏற்கெனவே நீக்கியிருந்த பழைய பில்கள் போனது போனதுதான். கணக்குப் பிரிவு அக்கா தாள் பிரதிகளை எடுத்துத் தரத்தர, பதினொரு நாள் உட்கார்ந்து ஸ்கேன் செய்தோம்.

ட்ரை ரன், அதாவது நிஜமாக நகலெடுக்காமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை, போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். காலியான ஃபோல்டரை வைத்துப் பார்த்தேன். ட்ரை ரன் எதையும் எழுதாது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சேருமிடம் காலியாகவே இருந்தது, அழிக்கவும் ஒன்றும் இல்லை. உண்மையான பேக்கப்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த மாதமே என் இரவு வேலைப் படியை நிறுத்தினார்கள். நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் போன் வந்தபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தவன் நான். அதை ஒருவர்கூடப் பேசவில்லை. இன்றும் அது ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். ஸ்லாஷ் வேண்டாம். முதல் நகலில் டெலீட்டும் வேண்டாம். பின்னால் தேவைப்பட்டால் மேக்ஸ் டெலீட் என்ற ஆப்ஷனில் ஒரு சிறிய எண்ணைக் கொடுங்கள், அதற்கு மேல் அழிக்காது. ஓட்டுவதற்கு முன் கட்டளையை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.